மூன்றாவது உறை

மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்குத்தான் ஐ.சி.யூவுக்குள் விடுவார்கள், அதுவும் ஒரே ஒரு ஆளை, பதினைந்தே நிமிடத்துக்கு. அதற்கான ரோஸ் நிற அட்டை நாகஜோதியின் கைக்குள் வியர்த்துப்போய்க் கிடந்தது. யார் வந்து கேட்டாலும் இதைக் கொடுப்பதாக இல்லை, அந்த மனுஷன் கேட்டால் நிச்சயமாக இல்லை. அந்த மனுஷன் என்றால் வேறு யார், இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவள் கழுத்தில் தாலி கட்டிய ராஜாங்கம்தான். காத்திருப்புக் கூடத்தின் அந்தக் கோடியில், தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மதியம்வரைக்கும் இரண்டு பேரும் அடுத்தடுத்த நாற்காலியில்தான் இருந்தார்கள். ஒன்பது நாளாக அப்படித்தான் இருந்தார்கள், ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்துக்கொண்டு. இப்போது அந்த முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன செய்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது. மகள் கௌசல்யாவின் தலைக்குள் கட்டி மறுபடியும் வளர்கிறது என்பது போன ஆகஸ்ட் மாதமே இந்த மனுஷனுக்குத் தெரியும். கௌசிக்கும் தெரியும். பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. ஜனவரியில் பிள்ளை அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தபோது, ஐயோ இதென்ன புதுசா என்று இவள் கத்தினாளே, பக்கத்தில் நின்று அவரும் கத்தினாரே, அது என்ன கத்தல்? ஒத்திகை பார்த்து வைத்திருந்தாரா? ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அப்பாவியாக முழித்தாரே, அந்த முழியை எந்தக் கடையில் வாங்கினார்? பேருந்துக் கழகத்தில் முப்பது வருடம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, டிரைவர்களின் பொய்க்காரணங்களைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் கைவந்துவிட்டது போலிருக்கிறது.

கண்டுபிடித்த விதத்தை நினைத்தால் சிரிப்புத்தான் வந்தது. ஒரு மணிக்குப் பெரிய டாக்டர் இருவரையும் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார். அரை மணி கழித்து ஒரு நர்ஸ் வந்து, பழைய ஸ்கேன் படங்களைக் கொடுங்கள், டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டுமாம் என்றாள். ராஜாங்கம் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். ஸ்கேன் படங்கள் இருக்கும் அந்தக் கட்டைப்பையை எப்போதும் அவர்தான் தொடுவார், நீ கலைத்துப்போட்டுவிடுவாய் என்று அவளை அண்டவிட்டதில்லை. அவள் பையைத் தரையில் சாய்த்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஏழு வருடத்துக்கு முந்தைய உறை, மூலை நைந்தது, அது தெரியும். அதற்கப்புறம் வருடாவருடம் செக்கப்புக்கு எடுத்த படங்கள் எல்லாம் ஒரே உறையில், அதுவும் தெரியும், அவள்தான் ரப்பர் பாண்டு போட்டு வைத்தாள். பை விறைப்பாக நிற்பதற்காக அடியில் ஓர் அட்டை போட்டிருந்தது. அந்த அட்டைக்குக் கீழே மூன்றாவதாக ஓர் உறை. ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடித்தாள். படத்தைப் பார்த்து அவளுக்கு என்ன புரியும், இரண்டாக அரிந்த முட்டைக்கோஸ் மாதிரி வரிவரியாக இருந்தது. மூலையில் இருந்த எழுத்து மட்டும் புரிந்தது. கௌசல்யா ஆர். போன வருடம், ஆகஸ்ட் பதினான்கு. ரேஷன் கடையில் பதினெட்டு வருடமாகப் பில் போடுகிறவளுக்கு இங்கிலீஷ் தேதி படிக்க ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க, நர்ஸ் எட்டிப் பார்த்து, ஆமாம்மா இதைத்தான் கேட்டார், ஆகஸ்ட் படம் என்று சாதாரணமாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போனாள். டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், ஸ்கேன் எடுத்தவனுக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் பதினான்கு. அவள் மறக்கவில்லை, மறுநாள் சுதந்திர தினம் என்று கடைக்கு லீவு. பேங்க் பரீட்சைக்குக் கோச்சிங் சேரப்போகிறேன், அப்பாவும் கூட வருகிறார், மதுரையில் நல்ல இடமாக விசாரித்துவிட்டு வருகிறோம் என்று காலை ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பினாள் கௌசி. போகும்போது இவள் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். திண்டுக்கல்லுக்குத் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கையில் அரைக்கிலோ அல்வா. ஊர்ப்பேச்சில் அல்வா கொடுப்பது என்றால் என்ன என்று தெரியாதவளா அவள்? ஆனாலும் ஆவி பறக்காவிட்டாலும் இளஞ்சூடாக இருந்தது, இலையோடு பிரித்து, நெய் விரலில் வழிய, நன்றாகத்தான் இருக்கிறது என்று சப்புக்கொட்டித் தின்றாள். அப்பனும் மகளும் எதிரே உட்கார்ந்து அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோச்சிங் எப்படி என்று கேட்டதற்குக் கௌசி அவள் கண்ணை நேராகப் பார்த்து, ஒரே கூட்டம்மா, அடுத்த பேட்ச்சில்தான் இடமாம் என்றாள். நேராகப் பார்த்தாள்! அங்கேயே பிடித்திருக்க வேண்டும். கடையில் அடுத்தவன் கார்டைக் கொண்டுவந்து அரிசி கேட்கிறவன்தான் கண்ணை நேராகப் பார்ப்பான், சொந்தக் கார்டுக்காரன் மூட்டையைப் பார்ப்பான். நான்கு அடி தள்ளி நிற்கும்போதே ஆளைச் சொல்லிவிடுவாள் நாகஜோதி. தாலுகா ஆபீஸிலிருந்து வரும் அதிகாரியே, உங்க கண்ணை ஏமாத்த முடியாதும்மா என்பார். அந்தக் கண்ணில்தான் வீட்டிலேயே மண்ணைத் தூவினார்கள், அதுவும் நெய் மணக்க.

அதற்கப்புறம் வந்த ஐந்து மாதம்தான் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அந்த ஐந்து மாதமும் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை இப்போது என்ன செய்வது? எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அடுப்படிப் பக்கமே எட்டிப்பார்க்காத பெண் திடீரென்று வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, அம்மா காரப் பணியாரத்துக்கு என்ன விகிதம், புளிக்குழம்புக்கு எப்போ வெந்தயம் போடணும் என்று கேட்டு நோட்டில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இவள் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதைப் போனில் படம் எடுத்தாள். இவளுடைய பழைய சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது, கல்யாணக் களை வந்துவிட்டது என்று தங்கச்சிக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டாளே நாகஜோதி, அந்த வாயை இப்போது எதைக் கொண்டு கழுவுவது? பிள்ளை விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்குள் ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று விடைபெற்றிருக்கிறது, இவள் அதை அறியாமல் பணியாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதுகூடப் போகட்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் இடது கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. மறுநாள் எண்ணெய்க் கிண்ணம். அதற்கு மறுநாள் இவளுடைய மூக்குக் கண்ணாடி. கை என்ன கையா, வாழைத்தண்டா, ஒரு சாமானைப் பிடிக்கத் துப்பில்லை, நாளைக்குப் போற வீட்டில் என்னைத்தான் சொல்லுவார்கள் என்று வாய் ஓயாமல் திட்டினாள். தேனிப் பக்கம் ஒரு நல்ல வரன் வந்து கௌசி வேண்டாம் என்றபோது, திமிர், உடம்பு பூராத் திமிர் என்றாள். கௌசி தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினாள், வலது கையால். அவர் தேமேயென்று பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை. ஏ நாகு, விடு, அவளைத் திட்டாதே, அவளுக்கு முடியலை என்று ஒரே ஒரு வார்த்தை. திட்ட விட்டுவிட்டார்களே. தலைக்குள் அதை வைத்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பெற்ற தாயே திட்டும்படி விட்டுவிட்டார்களே. ஏமாற்றியதைக்கூட ஒரு நாள் மன்னித்துத் தொலைக்கலாம், இதை எப்படி மன்னிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூடத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது. பெட் நான்கு, அட்டெண்டர் வரவும். பெட் நான்கு என்றால் வேறு யாரோ. கௌசி ஏழு. ஒவ்வொரு தடவை கரகரக்கும்போதும் நம்பர் சொன்ன பிறகுதான் மூச்சு வருகிறது, அடுத்தவர் நம்பருக்கு மூச்சு விடுகிறோமே என்று வெட்கமாகவும் இருக்கிறது. ஆறாம் நாள் அப்படித்தான் ஏழு என்று கூப்பிட்டார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது, இரண்டு நாளில் வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தவர்கள், தலையணை ஈரமாக இருக்கிறது என்றார்கள். வியர்வை என்று நினைத்தாள். மூளையைச் சுற்றித் தண்ணீர் மாதிரி ஒன்று இருக்குமாம், அது தையல் வழியாகக் கசிகிறதாம். அதோடு காய்ச்சல். கிருமி ஏறிவிட்டது, திரும்பத் திறந்து கழுவித் தைக்கவேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஒரே தலையை இரண்டு தடவை திறப்பது. இப்போது முதுகில் ஒரு குழாய், அந்தத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு பையில் இறங்குகிறது. தண்ணீர்தான், பார்த்தால் இளநீர் மாதிரி தெளிவாக இருக்கிறது, அதற்குள்தான் பிள்ளையின் உயிர் இருக்கிறதாம். இடது கை எழவில்லை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது, நினைவு தெளிவாக இருக்கிறது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று இன்றைக்குத்தான் டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கட்டியை முழுசாக எடுக்க முடியவில்லை, ஒரு ரத்தக்குழாயோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் இருக்கிறது, அதைத் தொட்டால் ஆளையே இழக்கவேண்டி வரும், புண் ஆறினதும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கவேண்டும், அப்புறம் என்ன ஆகும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். ஆகஸ்டில் அது எவ்வளவு பெரிசு? அப்போது அந்தக் குழாயைத் தொட்டிருக்குமா? மிளகு அளவு இருந்தபோதே எடுத்திருந்தால்? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் நினைப்பு முள்ளில் மாட்டின சேலையாக நின்றுவிட்டது, இழுத்தால் கிழியும், நின்றால் நகராது. மிளகு அளவு இருந்தபோதே.

அதைத்தான் மாடிப்படியில் வைத்துக் கேட்டாள். ராஜாங்கம் மருந்தோடு ஏறி வந்தார், இவள் இறங்கி வழியை மறித்துக்கொண்டு, ஆகஸ்ட் பதினாலு மதுரைக்கு எதுக்குப் போனீங்க என்றாள். அவர் முகம் செத்துப்போயிற்று. பொய் சொல்ல முயற்சிகூடச் செய்யவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். கை மரத்துப்போகிறது என்று கௌசி டிப்போவுக்கே வந்து அவரிடம் சொன்னாளாம். சின்னதாகத்தான் இருக்கிறது, இப்போதே கத்தி வைத்தால் கை போய்விடும், ஆறு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று டாக்டரே சொன்னாராம், வேண்டுமானால் அவரையே கேள் என்றார். அப்போதே எடுத்திருந்தாலும் இதே கதைதான் என்றார். அவள் நம்பவில்லை. ஐந்து மாதம் புளுகின வாய் இப்போது மட்டும் உண்மை பேசும் என்று எதை வைத்து நம்புவது?

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ தாங்க மாட்டன்னு அவதான் சொன்னா. அவ தலைல என் கையை எடுத்து வச்சுச் சத்தியம் வாங்கிட்டா. வேற எதும்னாலும் மீறியிருப்பேன் நாகு. அந்தத் தலைல அடிச்ச சத்தியத்தை எப்படி மீறுறது?"

"எந்தப் பக்கம் வச்சீங்க? வெட்டுன பக்கமா, வெட்டாத பக்கமா?"

கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டாள். அவர் தம் உள்ளங்கையைப் பார்த்தார். பிள்ளையின் தலையில் கைவைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் ஆபத்து என்று இவளும் நம்பினவள்தான், சின்ன வயதில் கௌசி என் தலையில் அடித்துச் சொல்லு என்று கேட்டால் பதறிக் கையை இழுத்துக்கொள்கிறவள்தான். அந்த மனுஷன் ஐந்து மாதம் தினமும் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தால் அது வெடித்துவிடுமோ என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார். பரிதாபம்தான். ஆனால் பரிதாபப்படும் நிலையில் அவள் இல்லை. டிப்போவுக்குப் போய் அப்பனிடம் சொன்ன பிள்ளை, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரேஷன் கடைக்கு வந்து அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? பத்து மாதம் சுமந்தது யார்? ஏழு வருடத்துக்கு முன்னால் மொட்டைத் தலையில் வளர்ந்த பூனை மயிரைக் கோதி, லாடம் போல வளைந்த அந்தத் தழும்பில் தேங்காய் எண்ணெய் படாமல் சீவிவிட்டது யார்? நான் தாங்க மாட்டேனா? என்னை யார் என்று நினைத்தாள்? இதைச் சொல்லிக்கொண்டே மேலே ஏறியவளைப் பார்த்து, அந்த மனுஷன் கீழிருந்து இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அவளுக்கு முத தடவை வந்தது கட்டின்னு அவளுக்கு அப்பவே தெரியும் நாகு. காலேஜ் முத வருசமே தெரியும்."

இங்கேதான் அவள் ஒரு மணி நேரமாக வராமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். வந்துதான் ஆகவேண்டும். பிள்ளைக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ, தலைவலி தலைவலி என்று போர்டில் எழுதியிருப்பது இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். இதே மாதிரி ஒரு ஆஸ்பத்திரி, இதே மாதிரி ஒரு டாக்டர். மூளையில் கட்டி என்று அவர் சொன்னதும் நாகஜோதி வராந்தாவில் விழுந்து புரண்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், நான்கு பேர் பிடித்துத் தூக்கினார்கள். எழுந்து முகம் கழுவினாள். குங்குமத்தைச் சரியாக வைத்துக்கொண்டாள். அந்த டாக்டரிடம் போய் இரண்டு கையையும் கூப்பி, சார், பிள்ளைகிட்ட அந்தப் பேரைச் சொல்லிறாதீங்க, அது தாங்காது சார் என்றாள். அவளுக்குத் தெரியணும்மா, அவ உடம்பு என்று அவர் இழுத்தார். காலில் விழப்போனாள். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்? அவளுடைய மாமனாருக்குப் புற்று வந்தபோது குடும்பமே சேர்ந்து அல்சர் என்று சொல்லி, அவரும் அல்சர் என்று நம்பி, அல்சருக்குப் பத்தியம் இருந்து செத்துப்போனார். நோயாளிக்குச் சொல்லாமல் இருப்பதுதான் பாசம் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உள்ளே போய், ஒன்றுமில்லைடா, தலையில் சின்ன ரத்தக்கட்டு, அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அந்தப் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். வருடாவருடம் ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும்போது, ரத்தக்கட்டு திரும்ப வராமல் பார்க்கணுமில்ல என்பாள். ஏழு வருடம். ஐந்து மாதம் மறைத்ததற்கே இந்த ஆட்டம் ஆடுகிறோமே, ஏழு வருடம்.

கௌசிக்குப் பத்தொன்பது நடக்கும்போது, பழனிக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள். "அம்மா, எனக்கு வந்தது என்னம்மா?" சும்மா கேட்பது போலத்தான் கேட்டாள், வெளியே பார்த்துக்கொண்டு. ரத்தக்கட்டுதான், எத்தனை தடவைடி சொல்றது என்று இவள் வெடுக்கென்று சொன்னாள். கௌசி மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றபோது கொய்யாப்பழம் வாங்கி, மிளகாய்ப்பொடி போட்டு, பாதியை இவளுக்குக் கொடுத்தாள். அப்போது அவளுக்குத் தெரியும். காலேஜ் முதல் வருடம் என்றால் அதற்கு முன்பே தெரியும், தெரிந்துகொண்டுதான் கேட்டாள். அம்மாவுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். ஒட்டன்சத்திரம் வருகிறவரைக்கும் காத்திருந்து பார்த்தாள், அம்மா சொல்லமாட்டாள் என்று தெரிந்ததும் கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டாள். அதனால்தான் கை மரத்தபோது டிப்போவுக்குப் போனாள். நிஜம் பேசத் தெரியாதவளிடம் போய் நிஜத்தை எப்படிச் சொல்வது? நாகஜோதிக்குக் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் உடம்புக்குள்ளேயே சுற்றியது. அவர்கள் செய்தது துரோகம்தான், அதில் ஒரு எள்ளளவும் அவள் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அந்த வித்தையை வீட்டில் யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே போனதும் கேட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்த கேள்விகள், ஏண்டி என்று தொடங்கும் அத்தனையும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நசுங்கின.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ராஜாங்கம் எழுந்து வந்தார். பக்கத்தில் உட்காராமல் ஒரு நாற்காலி விட்டு நின்றார். அட்டையைக் கேட்கத்தான் வருகிறார் என்று அவள் கையை மூடிக்கொண்டாள். அவர் அதைக் கேட்கவில்லை. நேற்றைக்கே கௌசி கேட்டாளாம், எல்லாத்தையும் எடுத்துட்டாங்களாப்பா என்று. டாக்டர் இன்னும் சொல்லலைடா என்று சமாளித்தாராம். இன்றைக்கு உன்னைக் கேட்பாள் என்றார். "எல்லாம் எடுத்தாச்சுன்னு சொல்லிரு நாகு. இப்பத்தான் காய்ச்சல் விட்டுருக்கு. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா." ஒன்பது நாள் தாடி, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருக்கிறது. செக்யூரிட்டி அம்மா கதவைத் திறந்து நம்பர் கூப்பிடத் தொடங்கினாள்.

செருப்பை விட்டு, கையைக் கழுவி, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். குளிர். மெஷின்களின் டிக் டிக். ஏழாம் படுக்கையில் அவள் பிள்ளை, தலை முழுக்க வெள்ளைக் கட்டு, முகம் உப்பி, ஒரு கண் பாதி மூடி, படுத்திருந்தது. இருபத்து நாலு வயதுப் பெண்ணை அது இது என்று நினைப்பது அவளுக்கு இந்த ஒன்பது நாளாகத்தான். கால் பெருவிரலைப் பிடித்தாள், சூடு இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது. கௌசி கண்ணைத் திறந்தாள். அம்மா என்று உதடு அசைந்தது, அப்புறம் கொஞ்சம் தாமதமாகச் சத்தம் வந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டாள், படுத்துக் கிடக்கிறவள். சாப்பிட்டேன் என்றாள் இவள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. நர்ஸ் சொட்டுப் பையை மாற்றிவிட்டு நகர்ந்தாள். வலது கை தேடி வந்து இவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

"எல்லாத்தையும்... எடுத்துட்டாங்களா?"

ஆமாண்டா என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக வந்து நின்றது. இத்தனை வருடப் பழக்கம், கூப்பிடாமலே வரும். முகத்தில் அந்தச் சிரிப்புக்கூட வரத் தொடங்கிவிட்டதை அவள் உணர்ந்தாள். இதைச் சொன்னால் பிள்ளை தலையாட்டிவிட்டு, அம்மாவுக்காக நம்பினது போல் நடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். அப்புறம் இந்த அம்மாவை எதற்குமே கேட்காது. மிச்சமிருக்கிற நாள் எத்தனையோ, அத்தனைக்கும் கேட்காது.

"இல்லடி," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "முழுசா எடுக்க முடியல. ஒரு ரத்தக்குழாயில ஒட்டிக்கிட்டுக் கொஞ்சம் இருக்கு. தொட்டா ஆபத்துன்னு விட்டுட்டாங்க. புண்ணு ஆறினதும் கரண்ட் வைப்பாங்களாம். அப்புறம் என்ன ஆகும்னு அவங்களுக்கே தெரியல."

கௌசி அவளையே பார்த்தாள். மெஷினில் ஓடிய பச்சைக் கோடு கொஞ்சம் வேகமாயிற்று, கொன்றுவிட்டோமோ என்று நினைத்தாள் நாகஜோதி. பிறகு அது பழையபடி ஓடியது. பிள்ளையின் பாதிக்கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப் பக்கமாக ஓடியது. அழாதே என்று இவள் சொல்லவில்லை. அங்கியின் கையால் துடைத்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்காக, ஒரே நேரத்தில் அழுதார்கள். முதலில் வந்ததும் ரத்தக்கட்டு இல்லை என்று இவள் சொன்னாள். தெரியும் என்று கௌசி கண்ணை மூடித் திறந்தாள். டம்ளரை உடைத்ததற்குத் திட்டினேனே என்று சொல்ல வந்து, சொல்ல முடியாமல் அந்த எழாத இடது கையை எடுத்து நீவிவிட்டாள். மணி அடித்தது. செக்யூரிட்டி அம்மா கதவோரம் நின்று, நேரமாச்சு என்று சைகை காட்டினாள். இவள் எழுந்தபோது விரலைப் பிடித்திருந்த பிடி இறுகியது. கௌசி ஏதோ சொல்ல முயன்றாள், சொல் வரவில்லை, திரும்ப முயன்றாள். இவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அப்பாட்ட... சொல்லிறாதம்மா. எனக்குத் தெரியும்னு. அவரு... தாங்க மாட்டாரு."

அவள் வெளியே வந்தாள். அங்கியைக் கழற்றிக் கூடையில் போட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டாள், முகத்தைக் குழாயில் கழுவினாள். ராஜாங்கம் கதவுக்கு எதிரேயே நின்றிருந்தார்.

"கேட்டாளா?"

"கேட்டா."

"என்ன சொன்ன?"

"எல்லாம் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன்."

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. கொஞ்ச நேரம் கழித்துக் கையை எடுத்தபோது முகத்தில் ஒன்பது நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது, பசிக்கிறது நாகு, கீழே போய் ஏதாவது சாப்பிடலாமா என்று கேட்டார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியான துளையில் மாட்டிவிட்டாள். இப்படி ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஐந்து மாதம் பக்கத்தில் படுத்து எப்படித் தூங்கினீர்கள் என்று அவரிடம் கேட்கவேண்டும் போலிருந்தது. இனிமேல் அதைக் கேட்கவே முடியாது.